வெந்நீரில் சுருங்கிய கண்ணி

பெண் பார்க்க வந்த அன்று என் மாமனார் சொன்ன முதல் கதையே அவருடைய மணிக்கட்டைப் பற்றியதுதான். கம்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் அப்பா மாப்பிள்ளையின் படிப்பையும் வேலையையும் விசாரித்துக்கொண்டிருக்க, இவர் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மேலே தள்ளினார். "இத்த பாருங்க சம்பந்தி. கம்பெனில எல்லாருக்கும் கண்ணி கழட்னாங்க. எனக்கு மட்டும்தான் கண்ணி சேத்தாங்க" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். அப்போது சம்பந்தமே முடிவாகியிருக்கவில்லை. என் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய மனிதர் ஏதோ பெருமையாகச் சொல்கிறார் என்று தலையை ஆட்டி வைத்தார். காபித் தட்டோடு நின்றிருந்த நான், இந்த வீட்டுக்குப் போனால் பொழுது போகும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் அச்சுகளைத் தூக்கி வைக்கும் வேலை பார்த்தவர். கம்பெனியின் வெள்ளி விழாவுக்கு அவர் பிரிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாட்ச் கொடுத்தார்கள், எஃகுச் செயின் போட்டது. கடைக்காரர் கேன்டீனில் மேசை போட்டு உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்களின் கையைப் பார்த்துப் பார்த்துச் செயினில் கண்ணிகளைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். மாமாவின் முறை வந்தபோது செயின் மணிக்கட்டைச் சுற்றவே இல்லை. முன்னால் நின்றவர் கிரேன் ஓட்டுகிறவர், நல்ல ஒல்லி. அவருடைய செயினிலிருந்து கழற்றிப் போட்ட கண்ணி ஒன்றை எடுத்து மாமாவின் செயினில் சேர்த்துவிட்டார் கடைக்காரர்.

கிரேன்காரர் சும்மா விடவில்லை. அது தன் சொத்து என்று சொல்லி, அந்தக் கண்ணியின் உள்பக்கத்தில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறிவிட்டுத்தான் போனார். அன்று தொடங்கிய வம்பு, இருவரும் ரிட்டயர் ஆன பிறகும் ஓயவில்லை. எங்கே பார்த்தாலும், சாவு வீடாக இருந்தாலும் சரி, கிரேன்காரர் முதலில் கேட்பது இதைத்தான்: "என் கண்ணி எப்ப குடுப்ப, மாமே?" மாமாவின் பதிலும் மாறாது. "என் கை இளைக்கிற அன்னிக்கு வந்து வாங்கிக்க." சுற்றி நிற்கும் பழைய பவுண்டரி ஆட்கள் எல்லாம் அந்தப் பதிலுக்காகவே காத்திருந்து சிரிப்பார்கள்.

போன கோடையில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. திருவேற்காட்டில் தனியாக இருந்த மாமாவையும் அத்தையையும் பாரிவாக்கத்தில் நாங்கள் இருக்கும் பிளாட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். ஆஸ்பத்திரி, கீழாநெல்லி, எண்ணெய் காட்டாத சாப்பாடு என்று ஒருவழியாகத் தேறினார். ஆனால் முன்பு பார்த்த மனிதரில் பாதிதான் மிச்சம். சட்டை எல்லாம் கொடியில் காயப்போட்ட மாதிரி அவர் மேல் தொங்கியது. சோறு வைத்தால் நாலு வாய் பிசைந்துவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொள்வார். இதை எல்லாம் வீட்டில் யாரும் வாய் விட்டுச் சொல்லக்கூடாது. சட்டை தொங்கினால் அது அயர்ன்காரர் இழுத்துவிட்டது. எடை பார்க்கும் மிஷின் குறைத்துக் காட்டினால் அதற்குப் பேட்டரி போய்விட்டது. வாட்ச் புறங்கைக்கு இறங்கி வந்தால், செயின் தேய்ந்துவிட்டது.

"கை அப்டியேதான் கீது. செயின்தான் தொங்கிப் போச்சி" என்பார். செயினும் தேய்ந்துதான் இருந்தது, அதை மறுக்க முடியாது. கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வளைந்து, மேலே முழுக்கக் கீறல் விழுந்து, இடுக்கெல்லாம் கறுப்பும் மஞ்சளுமாக ஏதோ அப்பிப்போய், பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் செயின் பாதி தேய்ந்தது, கை பாதி தேய்ந்தது என்பதுதான் நிஜம். பூந்தமல்லியில் ஒரு வாட்ச் கடைக்குப் போய்க் காட்டியிருக்கிறார். கடைக்காரர் பாவம், "ரெண்டு கண்ணி எடுத்துட்டா கரெக்டா உக்காந்துடும் பெரியவரே" என்று சொல்லியிருக்கிறார். வாட்சைப் பிடுங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி வந்துவிட்டார். அந்தக் கடைக்காரருக்குத் தொழிலே தெரியாது என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் கிரேன்காரரின் மகளுக்குக் கல்யாணம், திருவேற்காட்டில் மண்டபம் என்று பத்திரிகை வந்தது. அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம், நான் வீட்டிலிருந்தே பார்க்கும் ஆபீஸ் வேலைக்கு நடுவில் மோர் எடுத்துப் போய்க் கொடுத்தபோது பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எல்லா பயலும் வருவான்மா. நான் படுத்துட்டேன்னு அங்க பேசிக்கினு கீறானுங்களாம். எவனும் என் மூஞ்ச பாக்க மாட்டான். கையத்தான் பாப்பானுங்க."

"பாத்தா பாக்கட்டும் மாமா. காய்ச்சல் காமாலை வந்தா யாருக்கும் இளைக்கத்தான் செய்யும்."

"வாய் விட்டுச் சொல்ட்டேனேம்மா. இளைச்சா குடுக்குறேன்னு அத்தினி பேரு முன்னாடி சொல்ட்டேன். அவன் கேப்பான். நான் கழட்டிக் குடுக்கணும். அத்த குடுத்துட்டா, அப்பால நான் கெளம்ப ரெடின்னு அர்த்தம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மோர் டம்ளரை வாயருகே வைத்தபடியே குடிக்காமல் இருந்தார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அவருடைய மணிக்கட்டுப் பெருமையை வைத்து நானும் என் கணவரும் முதுகுக்குப் பின்னால் எவ்வளவோ சிரித்திருக்கிறோம். அது உயிர் விஷயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கொடுங்க மாமா, நான் சரி பண்ணித் தாரேன்" என்று வாட்சைக் கையில் வாங்கினேன். அவர் உடனே விடவில்லை. "பாலிஷ் போடு, இன்னா வேணா பண்ணு. கண்ணில மட்டும் கை வெக்காத" என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

எனக்கு வாட்ச் ரிப்பேர் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் வீடியோவில் பார்த்துச் செய்துவிடலாம் என்று நம்புவோம். வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு, துரு ஏறிய செயினைப் புதுசாக்கிக் காட்டினார். அவரிடம் இருந்த சாமான் ஒன்றும் என்னிடம் இல்லை. வாட்சின் உடம்பைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, செயினை மட்டும் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்து ஊற வைத்தேன். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று என் கணவருடையது கிடைத்தது. அது பழையது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கிண்ணத்துத் தண்ணீர் மஞ்சளாகி, அப்புறம் சிவப்பாகியது. அறை முழுக்கக் கோவில் வாசனை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, கண்ணிகளின் இடுக்கிலிருந்து கெட்டியாகக் கட்டி கட்டியாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனால் சந்தனம். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆயுத பூசைக்கு வெச்சதுமா" என்றார் அத்தை, அதிசயப்பட எதுவும் இல்லாத மாதிரி. "கையில கட்டினு கீற வாட்சும் ஆயுதம்தான்னு வருசா வருசம் வெப்பாரு. மேல வெச்சா பத்தாதுன்னு உள்ள வெளிய எல்லாம் பூசுவாரு. சாமிக்கு வெச்சத கழுவக் கூடாதுன்னு அப்டியே உட்ருவாரு."

ஆக, வாட்ச் வாங்கிய நாளிலிருந்து வைத்த சந்தனமும் குங்குமமும், பவுண்டரிப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து அந்தச் செயினுக்குள் சிமென்ட்டாக உட்கார்ந்திருந்தது. நான் விடவில்லை. ஊசி போட்டு நோண்டினேன். ஆபீஸ் மீட்டிங் நடக்கும்போதே கேமராவை முகத்துக்கு மட்டும் வைத்துவிட்டு, மேசைக்குக் கீழே மடியில் துணி விரித்துத் தேய்த்தேன். மேலதிகாரி ஏதோ உரசும் சத்தம் வருகிறதே என்று கேட்டார். பக்கத்து பிளாட்டில் வேலை நடக்கிறது என்றேன். பாரிவாக்கத்தில் எந்த நேரமும் எங்காவது கட்டடம் எழும்பிக்கொண்டிருப்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

கடைசியில் ஒரு கண்ணியின் உள்பக்கத்தில் அந்தப் பெருக்கல் குறி தெரிந்தது. கதையில் மட்டும் கேட்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. கிரேன்காரர் பொய் சொல்லவில்லை, நன்றாக அழுத்தித்தான் கீறியிருந்தார்.

அடுத்தது பாலிஷ். வீடியோவில் உப்புத்தாளை ஒரே திசையில் இழுக்கச் சொன்னார்கள். பழக்கதோஷம், நான் தோசைக்கல் தேய்க்கிற மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டேன். செயின் முழுக்கக் கோலம் விழுந்தது. பிறகு இன்னும் நைசான தாள் வாங்கி வந்து, செயினை அப்பளக் கட்டை மேல் நீட்டி ஒட்டி, மேலிருந்து கீழாக மட்டுமே இழுத்து இழுத்துக் கோலத்தை அழித்தேன். ஓரங்களைப் பித்தளைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினேன். மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோது, புதுசு இல்லைதான், ஆனால் ஒழுங்காகத் தலை வாரிப் பவுடர் பூசிய மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாட்சை மாட்டி, மாமாவின் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் போட்டார். கையைத் தூக்கினார். வாட்ச் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "கல்யாணப் பொண்ணு கைல வங்கி போட்டாப்பல கீது."

அப்போதுதான் எனக்கு உண்மை உறைத்தது. தேய்ந்த கண்ணிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியை எல்லாம் இத்தனை வருஷமாகச் சந்தனம்தான் அடைத்துப் பிடித்து வைத்திருந்தது. அழுக்கு என்று நான் நோண்டி எடுத்ததுதான் அந்தச் செயினை இறுக்கிக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. முன்பு ஒரு விரல் அளவு தொங்கியது, என் கைங்கரியத்துக்குப் பிறகு மாலையாகப் போட்டுக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு அந்த வாரமே நாள்.

"இன்னாமா இது, இருந்ததும் போச்சே" என்றார் மாமா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மோதிரம் பெரிதானால் நூல் சுற்றுகிற மாதிரி, பக்கிளில் நூல் சுற்றலாம் என்றார் அத்தை. சுற்றிப் பார்த்தோம். ஏதோ மந்திரித்துக் கட்டிய தாயத்து மாதிரி இருந்தது. மாமாவே ஒரு யோசனை சொன்னார். "சந்தனத்த எடுத்ததாலதான லூசாச்சி? திரும்பி வெச்சிடு." அதையும் செய்தோம். அத்தை கல்லில் சந்தனம் உரைத்துத் தர, நான் கண்ணி கண்ணியாக அடைத்துக் காய வைத்தேன். சாயங்காலம் அவர் கையில் கட்டி ஒரு தடவை உதறியதும் எல்லாம் பொடிப்பொடியாக அவர் வேட்டியில் உதிர்ந்தது. ஒரு மாலையில் காய்ந்த சந்தனம் வேறு, அத்தனை வருஷம் வியர்வையும் எண்ணெயும் குடித்த சந்தனம் வேறு.

என் கணவரிடம் புலம்பினேன். அவருடைய அப்பா விஷயத்தில் அவருக்கு ஒரே கொள்கைதான், காது கேட்காது. "நீதானே ஆரம்பிச்ச" என்று சொல்லிவிட்டுப் புது பிரஷ் வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

பக்கிளின் ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருப்பதைப் பிறகு கவனித்தேன். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்னை ஒரு துளை தள்ளி மாட்டினால் செயின் கொஞ்சம் குறுகும். மாமாவிடம் அனுமதி கேட்டேன். "அது கண்ணி இல்லல்ல?" என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு சரி என்றார். வெளிச்சத்துக்காக பால்கனியில் உட்கார்ந்து, ஊசியால் பின்னை அழுத்தினேன். அது டிக் என்று துள்ளி, அத்தை காய வைத்திருந்த மோர்மிளகாய்த் தட்டில் போய் விழுந்தது. அவ்வளவு மிளகாயையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். கீறி உப்பு அடைத்த ஒரு மிளகாயின் வயிற்றுக்குள் அது பத்திரமாக இருந்தது. எனக்குக் கண் எரிந்ததும் தும்மியதும் தனிக் கதை. கடைசித் துளையில் மாட்டியும் வாட்ச் மணிக்கட்டில் நிற்கவில்லை. ஒரே ஒரு கண்ணி கூடுதலாக இருந்தது. ஒன்றே ஒன்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வர மாமாவை என் கணவர் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனார். வீட்டில் நானும் அத்தையும் மட்டும். வாட்ச் மேசை மேல் கிடந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

செயினைக் கவிழ்த்துப் போட்டால் கழற்றக்கூடிய கண்ணிகளில் சின்ன அம்புக்குறி இருக்கும், அந்தத் திசையில் பின்னைத் தள்ள வேண்டும். கிரேன்காரரின் கண்ணியை விட்டுவிட்டேன். அது செயினிலேயே இருக்கட்டும், நாளை அவர் தேடினால் கிடைக்க வேண்டும். அதற்கு அடுத்த, பெயர் ஊர் தெரியாத ஒரு கண்ணியைத் தேர்ந்தெடுத்தேன். ரப்பர் துண்டு ஒன்றின் மேல் செயினை வைத்து, குண்டூசியை நுழைத்து, இஞ்சி தட்டும் இடிகல்லால் மெதுவாகத் தட்டினேன். ஒரு கட்டத்தில் தலை நிமிர்ந்தால் அத்தை வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"நான் ஒன்னும் பாக்கல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெதுவா தட்டு, கீழ் ஊட்டுக்காரி வந்து கேப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பின் வந்தது. கண்ணியை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பின்னை மறுபடி அடித்தேன். எடுத்த கண்ணியை, என் தோடுகள் வைக்கும் டப்பாவில் பஞ்சுக்கு அடியில், ஜோடி இல்லாத திருகாணியோடு ஒளித்து வைத்தேன்.

மத்தியானம் மாமா வந்ததும் வாட்சைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். பக்கிள் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி நின்றது, ஆனால் வாட்ச் அசையவில்லை. கையைத் தூக்கினார், இறக்கினார், உதறினார். நின்றது.

"இன்னாமா பண்ண?"

நான் முகத்தை ஆபீஸ் மீட்டிங் முகமாக வைத்துக்கொண்டேன். "வெந்நீர்ல போட்டேன் மாமா. நல்லாக் கொதிக்கக் கொதிக்க. சுருங்கிருச்சு."

உலகத்தில் பருத்திச் சட்டை வெந்நீரில் சுருங்கும். எஃகு சுருங்கும் என்று இரும்பைக் காய்ச்சி ஊற்றுகிற ஆலையில் வேலை பார்த்த மனிதரிடம் சொன்னேன். மாமா வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சமையலறை வாசலில் நின்ற அத்தையைப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டினார்.

"சுருங்கும், சுருங்கும்" என்றார். "சூடு பட்டா எதுவும் சுருங்கத்தான் செய்யும். நான்தான் அப்பவே சொன்னேனே, கை அப்டியேதான் கீதுன்னு." ஏமாந்துவிட்டார் என்று எனக்கு ஒரே கர்வம். அன்று சாயங்காலம் வரை எனக்குள் நானே கைதட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை முகூர்த்தத்துக்குப் போனோம். மண்டப வாசலிலேயே கிரேன்காரர் பட்டு வேட்டியோடு நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் அதே ஒல்லி. பக்கத்தில் பன்னீர்ச் செம்பு மேசை, அதைச் சுற்றிப் பழைய பவுண்டரி ஆட்கள். மாமாவைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு ஒரு நொடி நின்றது. எல்லோருடைய கண்ணும் மாமா சொன்ன மாதிரியே அவர் முகத்தைத் தொட்டுவிட்டு நேரே கைக்கு இறங்கியது. மாமா முழுக்கைச் சட்டையை வேண்டுமென்றே மடித்து விட்டிருந்தார். செயின் பளபளவென்று மணிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. நான் பின்னால் நின்று, என் பாலிஷைப் பார்த்து எனக்கே கண் பட்டுவிடும் போலப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாமே, படுத்துட்டன்னு சொன்னானுங்க?"

"எவன் சொன்னான், கூப்புடு அவன. நின்னுகினுதான கீறேன்."

கிரேன்காரர் மாமாவின் கையைப் பிடித்தார். உள்ளங்கையைப் பிடித்துக் குலுக்காமல் மணிக்கட்டையே பிடித்தார், செயினுக்குக் கொஞ்சம் மேலே. நான் பக்கத்தில் நின்றதால் எனக்கு அது தெரிந்தது. அவருடைய கட்டைவிரலும் நடுவிரலும் மாமாவின் கையைச் சுற்றிப் போய் ஒன்றையொன்று தொட்டன. தொட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் செய்தன. ஒரு காலத்தில் தன் கண்ணியைச் சேர்க்காமல் செயின் சுற்றாத கை அது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா. கிரேன்காரரின் முகம் மாறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தேய்த்து, இவ்வளவு தட்டி, மிளகாய்க்குள் எல்லாம் தேடி, கடைசியில் இரண்டு விரலில் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அவர் பக்கிளைத் திறந்தார். செயினைத் திருப்பினார். மாமா தடுக்கவில்லை. தன்னுடைய பெருக்கல் குறியைக் கண்டுபிடித்து அதை நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு செயினை மறுபடி மாமாவின் கையில் மாட்டி, தானே அழுத்திப் பூட்டினார். திரும்பி, சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நல்லா பாத்துக்குங்கப்பா. அப்டியேதான் கீறான். இந்த ஜென்மத்துல என் கண்ணி எனக்கு வராது."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "கை இளைக்கிற அன்னிக்கு வந்து வாங்கிக்க" என்று தன் பங்கைச் சொல்லி முடித்தார். ஆனால் கிரேன்காரர் அவர் கையை உடனே விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு பந்தி வரை கூட்டிப் போய், இலை போட்ட இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் வாசலுக்குத் திரும்பினார். பெண்ணின் அப்பாவைக் காணோமே என்று மேடையில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மை எனக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், கிரேன்காரருக்கும் தெரிந்துபோயிற்று, மாமாவுக்கு மட்டும் தெரியாது என்பது என் கணக்கு.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே வீட்டைக் கழுவி, சாமி அலமாரிக்கு முன்னால் பலகை போட்டு, சாமான்களை எல்லாம் வரிசையாக வைத்தார் மாமா. கத்தரிக்கோல், அரிவாள்மனை, ஸ்கூட்டர் சாவி, என் லேப்டாப். எல்லாவற்றுக்கும் பொட்டு. லேப்டாப்பின் மூடியில் இவ்வளவு பெரிய பொட்டு வேண்டாம் என்று சொல்லலாம் என்று போனவள், பலகையைப் பார்த்து அப்படியே நின்றேன். கடைசியில் அவருடைய வாட்ச் இருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு வெற்றிலையின் மேல், தனியாக ஒரு சின்னக் கண்ணி. அதற்கும் சந்தனம் வைத்து, சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்திருந்தது.

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை மும்முரமாகப் பொரியில் கடலை கலந்துகொண்டிருந்தார், என் பக்கமே திரும்பவில்லை.

மாமா கற்பூரத் தட்டோடு வந்தார். சாமிக்குக் காட்டிவிட்டு, கத்தரிக்கோலில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் காட்டிக்கொண்டே வந்து, கண்ணிக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்திக் காட்டினார்.

"இவன்தாம்மா வெந்நீர்ல சுருங்கனவன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "மெடிக்கல் லீவுல கீறான். ஒடம்பு தேறட்டும், டூட்டில சேத்துக்கலாம்."

என்னிடம் தட்டை நீட்டினார். கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாததால் புகை என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் வடை, பாயசத்தோடு சாப்பாடு. அத்தை வழக்கம் போல அவருக்குக் கொஞ்சமாகச் சோறு போட்டுவிட்டு நகர்ந்தார். மாமா சாப்பிட்டு முடித்து, தட்டை மூடாமல் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். அத்தை கரண்டியோடு நின்று, "இன்னா அதிசயம், போதும் போதும்னு கையால மூடிக்குவியே" என்று கேட்டார்.

மாமா சாமி அலமாரிப் பக்கம் தலையைக் காட்டினார்.

"எனக்கு இல்லடி. அவனுக்கு."